வெறுந்தட்டின் கனம்

செவ்வாய்க்கிழமைதோறும் நெல்லிவாசல்நாட்டில் இரண்டு சூரியன் உதிக்கும். ஒன்று கிழக்கே, சத்தமில்லாமல். இன்னொன்று மலைப்பாதை வளைவில், வெள்ளை பிக்கப் வண்டியில், ஒலிபெருக்கியோடு. முதல் சூரியனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இலவசச் சரக்குக்கு என்றைக்கு மரியாதை இருந்தது? இரண்டாவதற்கோ, வண்டி இரண்டு வளைவு கீழே வரும்போதே கூட்டம் கூடிவிடும்.

"ரத்தம் வத்திப்போன தாய்மாருங்களே! தலை கிறுகிறுங்குதா? கண்ணு இருட்டுதா? மேடு ஏறினா மூச்சு வாங்குதா?"

மலையூரில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆடுகூடக் கால் தூக்கும். பெண்கள் கை தூக்காமல் இருப்பார்களா?

வண்டியிலிருந்து இறங்குபவர் வெள்ளையமுதச் சாமி. வேட்டி வெள்ளை, துண்டு வெள்ளை, தாடி வெள்ளை, செருப்பும் வெள்ளை. இமயமலையில் தவம் இருந்தார் என்று ஒரு பேச்சு. அங்கே பனியை மட்டுமே தின்று உயிர் வாழ்ந்தார் என்று இன்னொரு பேச்சு. தொப்பையைப் பார்த்தால் அது நெய் ஊற்றிய பனியாக இருந்திருக்க வேண்டும்.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு பெண்ணின் பெரிய படம். ரோஜா நிறக் கன்னம், முத்துப் பல். ஏதோ நகைக்கடை விளம்பரத்திலிருந்து வந்தவள். கழுத்து நகையை அழித்து அங்கே ருத்திராட்சம் வரைந்திருந்தார்கள். காதை அழிக்க மறந்துவிட்டார்கள். ஜிமிக்கி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"பாருங்க தாயி, டவுன் பொம்பள! கன்னத்தைக் கிள்ளினா ரத்தம் சொட்டும். இன்னா துன்றா? வெள்ளை! வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, வெள்ளைச் சக்கரை. நீங்க இன்னா துன்றீங்க? கருப்பு! கேவுரு, கொள்ளு, கீரை. கருப்பைத் துன்னா ரத்தம் கருகாம இன்னா பண்ணும்?"

சொல்லிவிட்டு நிறுத்தினால் அது வெறும் பேச்சு. சாமி நிறுத்த மாட்டார். நிரூபிப்பார். மஞ்சள் துணி போர்த்திய ஒரு முக்காலி வரும். அதன் மேலே ஒரு கைத்தராசைப் பிடிப்பார். இடது தட்டில் ஊர்க்காரியே தன் கையால் கேழ்வரகைக் குவிப்பாள், குவியல் சரியச் சரிய. வலது தட்டில் சாமி தம்முடைய 'வெள்ளையமுது' மாவை ஒரு சிட்டிகை போடுவார். தராசை மெல்ல இறக்குவார். குவியல் கேழ்வரகு மேலே போகும். சிட்டிகை மாவு கீழே போய் நிற்கும்!

"எதுல சத்து? தராசு சொல்லுது, நான் சொல்லல!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த வெள்ளையமுது மைதாவும் சர்க்கரையும் கொஞ்சம் பச்சைக் கற்பூரமும் கலந்தது. பேக்கரிக்காரர் செய்தால் அதற்குப் பெயர் வீண்செலவு. சாமி செய்தால் பிரசாதம்.

காசை அவர் தொட மாட்டார். காசு மாயையாம். கருப்புத் தீனி வீட்டில் இருந்தால் தோஷம் என்பதால், அந்தத் தோஷத்தைத்தான் வாங்கிக்கொள்வார். கேழ்வரகு மூட்டை, சாமை மூட்டை, தேன், கோழி, முட்டை எல்லாம் வண்டியில் ஏறும். ஊரார் தோஷத்தைத் தாமே சுமந்து மலை இறங்குகிற மனசு யாருக்கு வரும்?

ஒரு நாள் முன்வரிசையில் இருந்த திரௌபதிக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. "முட்டை வெள்ளைதானே, சாமி?"

"வெளியே வெள்ளை. உடைச்சுப் பாரு தாயி, உள்ளே மஞ்சக் கரு ஒளிஞ்சிக்கினு கீது. அதான் ரொம்ப மோசம்."

அன்றைக்கு முட்டை இரட்டிப்பாக வந்தது.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இந்த வியாபாரத்துக்குக் கடைக்கால் போட்டவர் சாமி அல்ல. சாமையை விளைவித்துச் சந்தையில் போட்டுவிட்டு ரேஷன் அரிசிச் சோற்றில் ரசம் ஊற்றித் தின்பது அங்கே முன்பே நாகரிகமாகிவிட்டது. களி என்றால் ஏழ்மை, சோறு என்றால் அந்தஸ்து. முட்டை ஆம்பளைக்கு, குழம்பின் அடி பொம்பளைக்கு. எல்லாரும் தின்றபின் மிஞ்சுவதைத் தின்பவளுக்கு ரத்தம் குறைந்தால் அது விதி. சாமி வந்து கூரை மட்டும் போட்டார்.

அந்தக் கூரைக்குக் கீழே முதலில் வந்து உட்கார்ந்தவள் பாஞ்சாலை. சாதாரண ஆள் இல்லை. புளியந்தோப்பு வைத்திருப்பவள். கலசப்பாக்கம் சந்தை வியாபாரிகள் அவளைக் கண்டால் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உஷாராவார்கள். அப்படிப்பட்டவளின் மருமகள் பிரியதர்ஷினிக்கு ஏழாவது மாதம். மகன் சின்னராசு திருப்பூரில் பனியன் தைக்கிறான். நடந்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் கண் இருட்டுகிறது. கிராம நர்ஸ் சாந்தம்மாள் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாஞ்சாலம்மா, ரத்த அளவு ஏழுதான் கீது. பதினொண்ணாவது இருக்கணும். இப்படியே வுட்டா பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாக்கூடத் தாங்காது. தாயும் போவும், புள்ளையும் போவும். மாத்திரை குடுத்தேனே, இன்னா பண்ணீங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன். அதைத் துன்னா கருப்பா வெளிய போவுது. ரத்தம் கருகிப் போவுதுன்னு சாமி சொல்லிட்டாரு."

"அது இரும்புச்சத்து மாத்திரைங்க. அப்படித்தான் போவும். உடம்பு எடுத்துக்கினது போவ மிச்சம்."

"நீ சம்பளம் வாங்கறே, சொல்லுவே. சாமி சம்பளமா வாங்கறாரு?"

சம்பளம் வாங்குகிறவளை நம்பக் கூடாது, முட்டை வாங்குகிறவரை நம்பலாம் என்பது பாஞ்சாலை கண்ட கணக்கு. கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்ற பயம் அவளுக்கு. தன் பங்குக் கேழ்வரகையும் அவள் சாமிக்கே கொடுத்துவிட்டு, மருமகளைவிடக் குறைவாகத்தான் தின்றாள்.

"அத்தே, ஒரே ஒரு முட்டை அவிச்சுக்கட்டுமா?"

"சாமிக்கு எடுத்து வெச்சது, கண்ணு. நாலு நாளு பொறுத்துக்கோ. செவ்வாக்கெழமை உனுக்கு விரதக் கயிறு கட்றாரு."

அமுத விரதம் என்றால் மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு. கட்டிய நாளிலிருந்து பிரசவம் வரை வெள்ளையமுது தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது. சாந்தம்மாள் கெஞ்சினாள், மிரட்டினாள், அழுதும் பார்த்தாள். தராசு சொன்னதை நர்ஸ் மாற்ற முடியுமா?

இதே நேரத்தில், மலைக்குக் கீழே, வாணியம்பாடியில் இன்னொரு மருமகளுக்குக் கண் இருட்டிக்கொண்டிருந்தது.

அவள் பெயர் உஸ்மா. வீட்டைச் சுற்றி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கறிக்கடை, பழக்கடை, பால்கடை. ஆனாலும் காலையில் டீயும் ரஸ்க்கும். மத்தியானம் எல்லாருக்கும் பரிமாறி முடிந்ததும் பசி செத்துப்போய் இன்னொரு டீ. ஒரு நாள் மாவரைக்கும் இடத்தில் மயங்கி விழுந்தாள். மறுநாள் ஊரில் நடந்த கண்காட்சிக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"மலைச் சஞ்சீவி, மாமி. டாக்டர் புருஷோத்தமன்னு ஒருத்தர் வித்தாரு. டவுன் பொம்பளைங்க வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டின்னு துன்றதாலதான் ரத்தம் இல்லியாம். மலைல கருப்புத் தானியம் துன்றாங்களாம். அவங்க பாறை மாதிரி கீறாங்களாம்."

மாமியார் கனீஸ் ஃபாத்திமா பொட்டலத்தை வாங்கினாள். இருபது வருஷமாக மலைப்புளி வாங்கி விற்கிற கை. பிரித்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். வறுத்த கேழ்வரகு, சாமை, கொஞ்சம் ஏலக்காய். சரக்கில் குற்றம் சொல்ல முடியாது. விலையில்தான் சஞ்சீவி குடியிருந்தது.

பிறகு பொட்டலத்தின் மேலிருந்த படத்தைப் பார்த்தாள். தலையில் கூடை, காதில் தோடு, கேமராவைப் பார்த்து ஒரு முறைப்பு. கீழே எழுதியிருந்தது: 'இந்த மலைவாழ் தாய்க்கு வயது 97. இன்றும் மரம் ஏறுகிறார்!'

"யா அல்லா! இது நம்ம பாஞ்சாலடி!"

"தெரிஞ்சவங்களா, மாமி?"

"என்னைவிடச் சின்னவ! போன வருஷம் புளிக்கு என்னோட மல்லுக்கு நின்னவ. செவ்வாக்கெழமை ஜீப் மலைக்குப் போவுது. நீயும் கெளம்பு. அந்தப் பாறைங்களைக் கண்ணால பாத்துட்டு வரலாம்."

மலைக்கு மேலே 'கருப்பு விஷம், வெள்ளை அமுதம்.' மலைக்குக் கீழே 'வெள்ளை விஷம், கருப்பு அமுதம்.' ஏறும்போது மைதா, இறங்கும்போது கேழ்வரகு. வண்டி எந்தப் பக்கமும் காலியாகப் போவதில்லை. இப்படி ஒரு மூளை எங்கள் மண்டித்தெருவில் கடை போட்டிருந்தால் என்னைப் போன்ற வியாபாரிகளெல்லாம் கடையைக் கட்டியிருப்போம்.

செவ்வாய்க்கிழமை ஜீப் போய்ச் சேர்ந்தபோது சாமி முக்காலிக்கும் தராசுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளைக் கயிற்றை மந்திரித்துக்கொண்டிருந்தார். எதிரே பிரியதர்ஷினி கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கை நடுங்கியது. பக்திநடுக்கம் என்றார்கள். பசிநடுக்கம் என்று சாந்தம்மாளுக்குத் தெரியும். அவள் ஓரமாக, மாத்திரை டப்பாவோடு நின்றாள்.

"ஏ பாஞ்சால!" கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல். "தொண்ணூத்தேழு வயசாமே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பாஞ்சாலை எழுந்தேவிட்டாள். "எவ சொன்னவ? பாயம்மாவா? இன்னா பேசற நீ? எனுக்கு அம்பதே இப்பத்தான் தாண்டுது!"

கனீஸ் ஃபாத்திமா பொட்டலத்தை நீட்டினாள். அது கை மாறி மாறிக் கூட்டம் முழுக்கச் சுற்றியது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்கள் பாஞ்சாலையின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆசீர்வாதத்துக்குன்னு சொல்லித்தானே, சாமி, செல்லுல போட்டோ புடிச்சே?" பாஞ்சாலையின் குரலில் அனல் பறந்தது. "உள்ளே இன்னா கீது?"

"உன் கேவுருதான். உன் சாமைதான்," என்றாள் கனீஸ் ஃபாத்திமா. "டவுன்ல இதைத் துன்னாத்தான் ரத்தம் ஊறும்னு இந்த ஆளு விக்கிறான். என் மருமவ வாங்கிக்கினு வந்தா."

உஸ்மா எட்டிப் பார்த்தாள். "மாமி, இவருதான் அந்த டாக்டரு. தாடி மட்டும் புதுசு."

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். சாமி பழம் தின்று கொட்டை போட்டவர். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, கைகளை விரித்தார்.

"ஒரே உருவத்துல ஏழு பேரு உலாத்தறது உலகம், தாயி. எவனோ என்னைப் போல இருந்தா நான் பொறுப்பா? மனுஷன் பொய் சொல்லுவான், பொட்டலம் பொய் சொல்லும். தராசு பொய் சொல்லுமா?"

கூட்டம் அப்படியே அவர் பக்கம் சாய்ந்தது. "அதானே! தராசு எப்படிப் பொய் சொல்லும்?" என்றாள் திரௌபதி. பாஞ்சாலையும் தயங்கி உட்காரப் போனாள். கயிறு பிரியதர்ஷினியின் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. இன்னும் முடிச்சுதான் பாக்கி.

இங்கே மலை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புளி வாங்க வரும் எந்த வியாபாரியும் முதலில் வெறுந்தராசைத் தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டு தட்டும் சமமாக நின்றால்தான் கூடை இறங்கும். எத்தனை வருஷம் பழகிய வியாபாரியானாலும் இதற்கு விலக்கு இல்லை. எத்தனையோ தராசுகளிடம் ஏமாந்து ஏமாந்து கற்ற பாடம் அது.

"தராசு பொய் சொல்லாதா?" கனீஸ் ஃபாத்திமா இடுப்பில் கை வைத்தாள். "ஏ பாஞ்சால, இங்கே பாரு. இருவது வருஷமா உன்கிட்ட புளி வாங்கறேன். நான் ஜீப்பை வுட்டு இறங்கறதுக்குள்ள இன்னா கேப்பே?"

பாஞ்சாலை முக்காலிப் பக்கம் திரும்பித் தராசைப் பார்த்தாள்.

"'வெறுந்தராசு காட்டு பாயம்மா'ம்பே. போன வருஷம் தட்டுக்கு அடியில கையை வுட்டுத் தடவிப் பாத்தியா இல்லியா? எனுக்கு எவ்ளோ அவமானம்! இந்த ஆளு உன் வூட்டுக் கோழியெல்லாம் வாரிக்கினு போறான். ஒரு தபா, ஒரே ஒரு தபா, வெறுந்தராசு கேட்டியா?"

"சாமியாண்ட எப்படிக் கேக்கறது, பாயம்மா?"

"வாயால."

எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"தெய்வத் தராசை வெறுமையாத் தூக்கக் கூடாது!" சாமி அலறினார். "மீறித் தூக்கினா ஊரே ரத்த வாந்தி எடுக்கும்!"

"ரத்தமே இல்லன்னு நீதானே சொன்னே," என்றாள் கனீஸ் ஃபாத்திமா. "எங்கேர்ந்து எடுப்பாங்க?"

இப்போது கூட்டமே சிரித்தது. பாஞ்சாலை சிரிக்கவில்லை. மருமகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். வெள்ளைக் கயிறு எது, தோல் எது என்று ஒரு கணம் அவளுக்குப் பிரித்துத் தெரியவில்லை. விடுவிடுவென்று முக்காலிக்கு முன்னால் போய் நின்றாள். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை தானாக வாயில் வந்தது.

"வெறுந்தராசு காட்டு சாமி."

சாமி காட்டவில்லை. அவளே பிடுங்கித் தூக்கினாள். முக்காலிக்கு மேலே, சாமி எப்படி இறக்குவாரோ அப்படியே இறக்கினாள். இரண்டு தட்டிலும் ஒன்றுமே இல்லை. வலது தட்டு 'சொத்'தென்று கீழே போய் நின்றது.

முன்வரிசை எழுந்து நின்று எட்டிப் பார்த்தது.

"காத்துக்கு இவ்ளோ சத்தா?" என்றாள் திரௌபதி.

பாஞ்சாலைக்குள் இருந்த சந்தைக்காரி முழுசாக விழித்துக்கொண்டாள். கேழ்வரகை வலது தட்டில் போட்டாள், வெள்ளையமுதை இடதில் அள்ளிக் குவித்தாள். கேழ்வரகு கீழே போயிற்று. "இப்போ கேவுரு கனம்!" தட்டுகளைக் கொட்டிவிட்டு, தராசை முக்காலியிலிருந்து நாலடி தள்ளிக் கொண்டுபோய்த் தூக்கினாள். இரண்டு தட்டும் சமம். "தராசு மேல குத்தம் இல்ல. அந்தத் துணியை இழு, பாயம்மா!"

கனீஸ் ஃபாத்திமா இழுத்தாள். முக்காலிப் பலகையின் வலது பக்கத்தைக் குடைந்து, ஒரு பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைப் பதித்திருந்தார்கள். பாஞ்சாலை இரும்புத் தட்டைக் கிட்டே கொண்டுபோனாள். 'டக்'. பிரித்தெடுக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

அந்த 'டக்'கோடு அவர் அவன் ஆனான்.

புருஷோத்தமன் வண்டியை நோக்கி ஓடினான். பெண்கள் முன்பே வண்டியில் இருந்தார்கள். கோழிகள் இறங்கிக்கொண்டிருந்தன. வண்டிச்சாவி பாஞ்சாலையின் முந்தானை முடிச்சுக்குப் போய்விட்டது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும் தாய்மார்கள் அன்றைக்குத் துரத்திய வேகத்தைப் பார்த்திருந்தால் சாமியே வியாதி குணமாகிவிட்டது என்று அறிவித்திருப்பார். பிடித்து உட்கார வைத்தார்கள். சாந்தம்மாள் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று போலீசுக்குப் போன் போட்டாள். வர நேரமாகும் என்றார்கள். அதுவரை பட்டினி போடுவது பாவம் அல்லவா? வெள்ளையமுது டின்னைத் திறந்து அவன் மடியில் வைத்தார்கள்.

"கனமான சாப்பாடு சாமி. துன்னு."

வண்டியின் முன்சீட்டில் அடுக்குப்பாத்திரம் ஒன்று கிடைத்தது. பனி தின்று வாழ்ந்தவரின் மதியச் சாப்பாடு. முதல் அடுக்கில் கேழ்வரகுக் களி. இரண்டாவதில் நாட்டுக்கோழிக் குழம்பு. மூன்றாவதில் முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை. பாஞ்சாலை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மருமகளின் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து எறிந்தாள். பாத்திரத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"துன்னு, கண்ணு. யாருக்கும் மிச்சம் வெக்காதே."

பிரியதர்ஷினி ஒரு வாய் வைத்தாள். அப்புறம்தான் எதிரே நின்ற உஸ்மாவை நன்றாகப் பார்த்தாள். டவுன் பொம்பளை. ரோஜாக் கன்னம் எங்கே? உஸ்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்காரி. பாறை எங்கே? சாந்தம்மாள் வந்து இருவரின் கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தாள். இரண்டும் நறுக்கிய வெள்ளரிப் பிஞ்சு போல வெளுத்துக் கிடந்தன.

"நீங்க இன்னாக்கா துன்றீங்க?" என்றாள் பிரியதர்ஷினி.

"டீ, ரஸ்க்கு. எல்லாரும் சாப்ட்டப்புறம் எதுனா மீந்தா, அது."

"எங்க வூட்லயும் அப்படித்தான்க்கா. டீ மட்டும் இல்ல."

உஸ்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோழியை வுட்டுடு, ஹலாலான்னு தெரியல," என்றாள் கனீஸ் ஃபாத்திமா. "களியும் கீரையும் எடு. முட்டையில ஆளுக்குப் பாதி. அரே, மெல்ல!" சொல்லிவிட்டு, தன் வீட்டில் இத்தனை நாள் கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று அவளும் யோசித்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் பிரியதர்ஷினியே சாந்தம்மாளிடம் கை நீட்டினாள். மாத்திரையை வாயில் போட்டு, ஊரே பார்க்கத் தண்ணீர் குடித்தாள். "நர்ஸம்மா, கருப்பாப் போனா போவட்டும்," என்றாள் பாஞ்சாலை. "அடுத்த வாரமும் குத்திப் பாரு. ஏறினா எனுக்குச் சொல்லு. ஏறலன்னா இன்னா பண்ணணும்னு அதையும் சொல்லு."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போதுதான் திரௌபதி தேங்காய், வெற்றிலை, கற்பூரத்தோடு வந்து கனீஸ் ஃபாத்திமாவின் காலில் பொத்தென்று விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை கட்ட ஆரம்பித்தார்கள்.

"பாயம்மா, உன் கண்ணுல தெய்வம் கீது! எங்க பொண்ணுக்கு உன் கையால ஒரு கயிறு கட்டு!"

கனீஸ் ஃபாத்திமா பாம்பை மிதித்தவள் போலத் துள்ளி ஜீப்பின் படியில் ஏறிக்கொண்டாள். "தூ! எழுந்திரு! உங்க பொண்ணு சாப்ட்டாளா?"

"இன்னும் இல்ல."

"அப்போ வூட்டுக்குப் போய் சோறு போடு. நீயும் கூட ஒக்காந்து துன்னு. வவுறு நெறஞ்சப்புறம் யோசி. யோசிச்சப்புறமும் யார் கால்லயாவது வுழணும்னு தோணிச்சின்னா, அவங்களை நாலு கேள்வி கேட்டுட்டு வுழு."

ஒரு சாமியார் கையும் களவுமாகப் பிடிபட்டு, மாவு டின்னோடு இன்னும் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த சாமியாருக்கு ஆள் எடுக்கிற ஊர் நெல்லிவாசல்நாடு மட்டும்தானா? உங்கள் தெருவையும் ஒரு பார்வை பாருங்கள். வயிற்றைப் பட்டினி போட்டால் ரத்தம்தான் குறையும். மூளையைப் பட்டினி போட்டால் சாமியார்கள் கொழுப்பார்கள்.